ஒன்றாம் அறையின் வாட்ச்

வாட்சைக் காணோம் என்று ஒன்றாம் அறை சொன்னபோது காலை மணி எட்டு. எட்டுதான் என்பதை மற்ற மூன்று அறைகளும் தங்கள் வாட்சைப் பார்த்து உறுதி செய்தன.

விடுதிக் காப்பாளர் கையில் தேநீர்த் தட்டு இருந்தது. அதிலிருந்த நான்கு கோப்பைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தன.

விருந்தினர்களை அவர் பெயர் சொல்லி நினைத்ததே இல்லை. பதினோரு வருடப் பழக்கம். பெயர்கள் வரும், போகும். அறை எண்கள் அங்கேயே இருக்கும். இந்த முறை வந்திருந்த நால்வரும் நான்கு நாட்டு நீதிபதிகள். ‘உலக நாடுகளின் குற்றவியல் நீதிமுறைகள்: ஓர் ஒப்பீடு’ என்று வாசலில் துணி கட்டியிருந்தது. இரண்டு நாட்களாக ஒப்பிட்டார்கள். சாப்பாட்டு அறை ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட ஒத்துப்போகவில்லை.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் மேலதிகாரி வந்திருந்தார்.

"ஒரு புகார். ஒரே ஒரு புகார் வரட்டும். மறுநாள் உன் சாமானெல்லாம் ரோட்டுல இருக்கும்."

சாமான் என்றால் விடுதிக்குப் பின்னால் இரண்டு அறைக் குடியிருப்பு. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி.

நீதிபதிகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட மொழி காப்பாளருக்குத் தெரியாது. அதற்காக ஓர் இளம் மொழிபெயர்ப்பாளர் இருந்தாள். யார் எதைச் சொன்னாலும் ஒரே குரலில் சொல்வாள். ரயில் தாமதம் என்று அறிவிக்கிற குரல்.

"அண்ணா, ராத்திரி மேஜை மேல கழட்டி வச்சாராம். ரூம் முழுக்கத் தேடிட்டாராம். ரவுண்டு வாட்ச், கறுப்பு வார். ரூமுக்கு இன்னொரு சாவி யார்கிட்ட இருக்குன்னு கேக்கறார்."

சாவிக்கொத்து காப்பாளர் இடுப்பில்தான் தொங்கியது. இல்லை என்று சொல்ல முடியாத அளவுக்குச் சத்தம் போட்டது.

"என்கிட்டதாம்மா."

"வேற யாராவது உள்ள போவாங்களான்னு கேக்கறார்."

போவார்கள். பெருக்குகிற அக்கா தினமும் போவார். இப்போதுகூட மாடியில் துடைப்பச் சத்தம் கேட்டது. வேலையை முடித்துவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போகிறார். இரண்டு நாள் லீவு. அந்தப் பெயரைச் சொன்னால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும் என்று காப்பாளருக்குத் தெரியும். துடைப்பம் பிடித்தவளைத் தாண்டி யாரும் யோசிக்கமாட்டார்கள்.

"யாரும் போகமாட்டாங்க. நான் மட்டும்தான்."

சொல்லி முடித்த பிறகுதான், தன் கழுத்துக்குத் தானே அளவு கொடுத்தது அவருக்கு உறைத்தது.

நான்கு நீதிபதிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பசித்தவர்கள் மூடிவைத்த பாத்திரத்தைப் பார்க்கிற முகம்.

இரண்டாம் அறை ஓர் அம்மாள். அவர்தான் முதலில் பேசினார்.

"போலீஸெல்லாம் வேணாங்கறாங்க. நாலு நீதிபதி இங்கயே இருக்கும்போது வெளியில எதுக்குப் போகணுமாம். அவங்க நாட்டு முறைப்படி நீங்க வாயே திறக்க வேணாம். உங்களுக்காக இன்னொருத்தர் பேசுவாங்களாம்."

காப்பாளர் நிம்மதியாக வாயை மூடினார்.

மூன்றாம் அறை மேஜையைத் தட்டினார்.

"தப்பு பண்ணாதவர் எதுக்கு வாயை மூடணும்னு மூணாம் நம்பர் சார் கேக்கறார். அவர் நாட்டுல நீதிபதியே எல்லாத்தையும் கேட்டு எழுதுவாராம். பேசலைன்னா அதையும் எழுதுவாராம்."

காப்பாளர் வாயைத் திறந்தார்.

"மேடம் மூடச் சொல்றாங்க."

மூடினார்.

நான்காம் அறை, தாடிக்காரர், மெதுவாக ஏதோ சொன்னார்.

"அவங்க ஊர்ல ஆளைத் தனியா விசாரிக்கமாட்டாங்களாம். குடும்பத்தையும் கூட்டிட்டு வந்து வட்டமா உக்கார வைப்பாங்களாம்."

"குடும்பமா? அவளுக்கு ஏழு மாசம்மா!"

"சொல்லிட்டேன். அப்போ சாய்வு நாற்காலியாப் போடுங்கன்னு சொல்றார்."

முதலில் இரண்டாம் அறையின் முறை என்று முடிவானது. காப்பாளருக்காகப் பேச ஆள் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தனக்குச் சொந்தமாகக் கருத்து கிடையாது என்று சொல்லிவிட்டாள். சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் பேசறேண்ணே. கவலையை விடுங்க."

கவலை அங்கேதான் தொடங்கியது.

"அய்யா, அம்மா, எங்க அண்ணன் எடுக்கிற ஆள்தான். இல்லேன்னு நான் சொல்லல. டீத்தூள் எடுப்பாரு. பல்பு எடுப்பாரு. மாசத்துக்கு ரெண்டு சோப்பு போகும். ஆனா வாட்ச்? அதுக்கெல்லாம் தைரியம் வேணும். இவரு சரியான பயந்தாங்கொள்ளி. அதுக்கு நான் கேரண்டி."

மொழிபெயர்ப்பாளர் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தாள். சோப்பின் எண்ணிக்கை உட்பட.

"டேய், நீ எனக்கு வக்கீலா, அவங்களுக்கு வக்கீலா?"

"நாலு உண்மையைச் சொன்னாத்தாண்ணே அஞ்சாவதை நம்புவாங்க."

மூன்றாம் அறை ‘சோப்பு’ என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டார்.

இதற்கிடையில் ஒன்றாம் அறைக்கு இருமல் வந்தது. மருந்து எடுக்க மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மருந்து கசப்பு போலிருக்கிறது.

அடுத்தது மூன்றாம் அறையின் முறை. அவர் காப்பாளர் பிறந்த இடத்திலிருந்து ஆரம்பித்தார். பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்.

"ஆறாம் வகுப்பை ரெண்டு தடவை படிச்சிருக்கீங்க. ஏன்னு கேக்கறார்."

"கணக்கு வரலம்மா. அதுக்கும் வாட்சுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"கேள்வி கேக்கறது அவர் வேலையாம்."

அப்போது ஒன்றாம் அறை தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர்கூட ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"விட்டுடலாங்கறார். பழைய வாட்ச்தானாம். பெரிசா ஒண்ணுமில்லையாம்."

காப்பாளருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியிலேயே நின்றது.

"முடியாதுங்கறார் மூணாம் நம்பர் சார். குடுக்கற வரைக்கும்தான் புகார் ஒண்ணாம் நம்பர் சாரோடது. குடுத்துட்டா அது அரசாங்கத்தோடதாம். நினைச்சா திருப்பி வாங்கிக்க அது குடை இல்லையாம். மேடமும் சரிங்கறாங்க. நாலாம் நம்பர் சாரும் சரிங்கறார்." அவள் குரலைச் சற்றுத் தாழ்த்தினாள். "அண்ணா, மூணு நாள்ல இவங்க ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். தீர்மானமா எழுதிக்கறாங்க."

ஒன்றாம் அறை இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அன்று முழுவதும் வெளியே எடுக்கவில்லை. வெறும் மணிக்கட்டைப் பார்க்கப் பாவம் அவருக்கே மனசு வரவில்லை என்று காப்பாளர் நினைத்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்காம் அறையின் வட்டம். மனைவி வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். மனசில் உள்ள வருத்தத்தையெல்லாம் பயப்படாமல் சொல்லலாம் என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குழாய் ஒழுகுவதில் ஆரம்பித்தாள். நான்கு மாதமாக ஒழுகுகிறது. ஊருக்கெல்லாம் பல்பு மாட்டுகிறவர், வீட்டுக் குளியலறை இருட்டு. அவள் அம்மா போன் செய்தால் மட்டும் இவருக்குக் காது கேட்காது. கால் மணி நேரம் போனது. நான்காம் அறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் அறை அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் காப்பாளரைப் பார்த்த பார்வையில், வாட்ச் ஒரு சின்ன விஷயமாகிவிட்டிருந்தது.

"ஆனா வாட்சை இவரு எடுக்கலீங்க" என்று முடித்தாள். "எடுத்திருந்தா எங்க வச்சோம்னு மறந்துட்டு என்னைத்தான் தேடச் சொல்லியிருப்பாரு."

இடைவேளையில் தாழ்வாரத்தில் அவள் கேட்டாள்.

"பெருக்குற அக்காவைக் கேட்டீங்களா?"

"கேட்டாலே சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்."

"அவங்க பேரை இவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நல்ல காரியம்தான். ஆனா நாம தெருவுல நிக்கப்போறோம்."

திரும்பிப் போனபோது இரண்டாம் அறை ஒரு வழி வைத்திருந்தார்.

"குத்தத்தை ஒத்துக்கிட்டா தண்டனை பாதியாம் அண்ணா. மேலதிகாரிக்கு எழுதமாட்டாங்களாம். அவங்க நாட்டுல முக்கால்வாசி கேஸ் இப்படித்தான் முடியுதாம்."

மேலதிகாரிக்கு எழுதமாட்டார்கள். அதற்குமேல் காப்பாளர் காதில் எதுவும் விழவில்லை.

"நான்தான் எடுத்தேன்."

இரண்டாம் அறை தன் குறிப்பேட்டை மூடினார். மூன்றாம் அறை மூடவில்லை.

"நம்பமுடியாதுங்கறார்."

"நான்தான் எடுத்தேன்னு நானே சொல்றேனேம்மா!"

"அதனாலதான் நம்பமுடியலையாம். பயத்துல சொல்லலாம், யாரையாவது காப்பாத்தச் சொல்லலாம். அவர் நாட்டுல வாயால ஒத்துக்கிட்டா மட்டும் போதாது. பொருளைக் காட்டணும். காட்டலைன்னா நாளைக்குக் காலையில உங்க மேலதிகாரியை வச்சு மறுபடி முதல்லேர்ந்து விசாரிக்கணுங்கறார்."

"முதல்லேர்ந்துன்னா?"

"பிறந்த இடத்துலேர்ந்து."

காப்பாளர் வீட்டுக்கு நடந்தார். எடுக்காததை எடுத்தேன் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். எடுக்காததை எங்கிருந்து எடுத்துக் காட்டுவது?

பொருளைக் காட்டணும் என்றதுமே எழுந்து வந்திருந்த மனைவி பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு வாட்ச். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. வட்ட முகம், கறுப்பு வார். அவர் அதை விசேஷத்துக்கு மட்டும்தான் கட்டுவார்.

"உங்கப்பா குடுத்தது."

"தெரியும். வாட்ச் போனா மணி என்னன்னு யாரையாவது கேட்டுக்கலாம். வீடு போனா யாரைக் கேக்கறது? கொண்டுபோங்க."

"ஒண்ணாம் நம்பர்காரர் பார்த்ததும் என்னோடது இல்லைம்பாரு."

"பார்ப்போம்."

மூன்றாம் அறை வாட்சைக் கைக்குட்டையால் வாங்கினார். திருப்பினார். பின்பக்கம் ரிப்பேர்க்காரர் ஊசியால் கீறிவைத்த எண் இருந்தது. நாற்பத்தேழு. காப்பாளர் அதை மறந்தே போயிருந்தார்.

வாட்ச் ஒன்றாம் அறையின் கைக்குப் போனது. அவர் அதைப் பார்த்தார். பிறகு காப்பாளரைப் பார்த்தார். மூன்றாம் அறை எழுதுகோலோடு காத்திருந்தார்.

ஒன்றாம் அறை மெல்லிய குரலில் இரண்டு வாக்கியம் பேசினார்.

"அவரோடதுதானாம் அண்ணா. நாப்பத்தேழு அவங்கம்மா பிறந்த வருஷமாம்."

காப்பாளருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வயதில், நீதிபதியாக இருந்துகொண்டு, யாரோ ஒரு காப்பாளனுக்காக அந்த மனிதர் பொய் சொல்கிறார்.

வழக்கு முடிந்தது. இரண்டாம் அறை தண்டனையைப் பாதியாக்கினார், நான்காம் அறை மீதிப் பாதியை மன்னித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார், மூன்றாம் அறை நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களுக்கு எண் போட்டார். ஒன்றாம் அறை வாட்சைக் கையில் கட்டவில்லை. பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நண்பகலில் கார்கள் வந்தன. மேலதிகாரியும் வந்தார். புறப்படும்முன் ஒன்றாம் அறை வருகைப் பதிவேட்டை வாங்கி, நின்றபடியே எழுதினார். மொழிபெயர்ப்பாளர் படித்தாள்.

"‘என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை.’"

இரண்டாம் அறை அம்மாள் புருவத்தை உயர்த்தினார்.

"திருடினவரைப் பத்தி ஏன் இப்படி எழுதறீங்கன்னு மேடம் கேக்கறாங்க."

"அவர் என்ன சொல்றார்?"

"பேசாம இருக்கறது தன்னோட உரிமைங்கறார்."

கார்கள் போயின. மேலதிகாரி பதிவேட்டை இரண்டு முறை படித்துவிட்டுக் காப்பாளரின் தோளைத் தட்டினார். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தட்டு. காப்பாளர் அன்று மாலையே குழாயைச் சரிசெய்தார். குளியலறைக்குப் பல்பும் மாட்டினார். எங்கிருந்து வந்த பல்பு என்று மனைவி கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை, பெருக்குகிற அக்கா தங்கை வீட்டிலிருந்து திரும்பியிருந்தார். ஒன்றாம் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். காப்பாளர் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அக்காவின் பெயரை மறைத்ததை மட்டும் சொல்லவில்லை.

"எந்த நாட்டுச் சட்டமா இருந்தா என்னக்கா, மனுஷன்னு ஒருத்தன் வேணும். தொலைஞ்ச வாட்ச் கடைசிவரைக்கும் கிடைக்கவே இல்ல. ஆனாலும் என் வாட்சைப் பார்த்து ‘இதுதான்’னு சொல்லி என்னைக் காப்பாத்திட்டுப் போனாரு பாருங்க, அவரு நீதிபதி!"

அக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கிடைக்கலையா? என்ன தம்பி சொல்றே, அன்னைக்கு அவரு இருமிக்கிட்டே மேல வந்தப்போ, குளியலறை சோப்பு டப்பாவுலேர்ந்து எடுத்து அவரு கையிலயே குடுத்துட்டுத்தானே நான் பஸ்ஸுக்குப் போனேன்!"