நாலு திருகைக் கழற்றினால் தெரிந்துவிடும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. எங்காவது ஒரு கணினி எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் போதும், இவர்களுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். நீங்கள் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் வாசலில் மணி அடிக்கும். கதவைத் திறந்தால், கையில் சின்ன ஸ்க்ரூடிரைவர் பெட்டியும் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் கனிவுமாக நிற்பார். "ஆன் ஆகலையாமே?"

எங்கள் குடும்பத்தில் இந்தப் பதவியை வகிப்பவர் என் மனைவியின் அண்ணன். பிழைப்பு காப்பீட்டு அலுவலகத்தில்; பிறவி எடுத்தது இதற்காக. அவருடைய சிகிச்சை முறையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் பொத்தானை அழுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைப்பார். வீட்டில் ஒருவரும் மூச்சு விடக்கூடாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். சமையலறைக் குழாயைக்கூட மூட வேண்டும். பிறகு நிமிர்ந்து, இரண்டு முறை தலையாட்டி, "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரைத் தடுக்க முடியாது.

"நாலு திருகைக் கழட்டினா தெரிஞ்சிடப் போகுது."

இந்த வாக்கியத்தை எங்கே கேட்டாலும் உங்கள் கணினியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை நான் கட்டிப்பிடிக்கவில்லை. காலையில் என் மகள் கணினியைப் போட்டாள். விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடி நான்கு நொடி. அவளுடைய இறுதியாண்டு ஆய்வறிக்கை அதற்குள்ளேதான் இருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும், தவறினால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். வேறு பிரதி இல்லை. பிரதி எடுத்து வைக்கச் சொல்லி நான் நூறு தடவை சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு மணி அடித்தது.

"பவர் சப்ளை," என்றார் மைத்துனர், ஸ்க்ரூடிரைவரைத் தேர்ந்தெடுத்தபடியே.

"மாமா, அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். ஒரு வருஷ உழைப்பு எல்லாம் அதுலதான் இருக்கு."

"அஞ்சு மணியா? ஒரு மணிக்கு நீ டைப் அடிச்சிட்டிருப்பே, பாரு."

அதற்கப்புறம் நடந்ததை மூடியில்லாத பெட்டியைப் பார்த்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ராம் என்கிற நினைவக அட்டையைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினார். நான்கு நொடி. விசிறியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஏதோ எக்ஸ்ரே பார்ப்பது மாதிரி. நான்கு நொடி. சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் ஒவ்வொரு உறுப்பாக வரிசையாக வைத்தார். திருகுகளை என் மனைவியின் வளையல் கிண்ணத்தில் போட்டார். கழற்றும்போது அவர் காட்டிய நிச்சயம் மாட்டும்போது கொஞ்சம் தேய்ந்திருந்ததை நான் கவனித்தேன். "இது எங்கிருந்து வந்துச்சு?" என்று ஒரு திருகைப் பார்த்துக் கேட்டார். யாரைக் கேட்டார்? திருகைத்தான்.

பிறகுதான் அந்த மகத்தான யோசனை பிறந்தது. பழுதான பாகத்தைக் கண்டுபிடிக்க, நல்ல பாகம் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டுமாம். நல்ல பாகம் எங்கே இருக்கிறது? அடுத்த அறையில், பத்து வருஷமாக ஒரு தும்மல்கூடப் போடாமல் உழைத்த என்னுடைய கணினிக்குள். "அதை எதுக்கு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் அதன் மூடி தரையில் கிடந்தது.

அதன் பவர் சப்ளையைப் பிடுங்கி இதில் மாட்டினார். நான்கு நொடி.

"அப்ப மதர்போர்டுதான். போச்சு," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அதைவிட, நோய்க்குப் பெயர் வைத்துவிட்ட திருப்தி இருந்தது.

மகள் மெதுவாகக் கேட்டாள். "ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டி அப்பா கம்ப்யூட்டர்ல மாட்டினா அறிக்கை கிடைக்கும்ல?"

அருமையான யோசனை. எல்லோரும் என் கணினியைப் பார்த்தோம். அது பாதி மேசையிலும் பாதி நாற்காலியிலுமாக இருந்தது. மணி இரண்டேகால். மகளின் கண் நிறைந்துவிட்டது. மைத்துனர் மேல் வந்த கோபத்தைவிட, மூன்று மணி நேரமாக டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற என் மேல் வந்த கோபம் அதிகம்.

துண்டோடு சுருட்டி எல்லாவற்றையும் காரில் ஏற்றி, பெரிய தெருவில் இருக்கும் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரப் பெண் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, காதை வைக்கவில்லை. எங்களைத்தான் பார்த்தாள்.

"கடைசியா எப்ப ஓடுச்சு?"

"நேத்து சாயங்காலம்," என்றாள் மகள்.

"அதுக்கப்புறம் மேல ஏதாவது கொட்டுச்சா?"

மூன்று மணி நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை.

"கொஞ்சம்," என்றேன். "ஆரஞ்சு ஜூஸ். தொடச்சிட்டேன்."

"அப்பா!"

கடைக்காரப் பெண் இரண்டு கணினிகளின் பாகங்களையும் பிரித்தறிந்து மாட்டி முடிக்கவே நான்கரை ஆகிவிட்டது. பிறகு முன்பக்கப் பொத்தானுக்குப் போகும் ஒயரை மட்டும் பிடுங்கினாள். அந்த ஒயர் இருந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தொட்டாள். நான்கு நொடி ஆனது. ஐந்து ஆனது. பத்து ஆனது. திரையில் வெளிச்சம் வந்தது.

"ஜூஸ் காஞ்சு பொத்தான் ஒட்டிக்குது. அழுத்தினா உடனே வெளிய வரல. அழுத்தியே வச்சிருந்தா நாலு செகண்டுல அதுவே அணைஞ்சிடும், அவ்வளவுதான். எதுவும் கெட்டுப்போகல." அவள் சற்று நிறுத்தி, துண்டைப் பார்த்தாள். "காலையில கெட்டுப்போகல."

கடை மேசையிலேயே உட்கார்ந்து மகள் அறிக்கையை அனுப்பினாள். மணி நான்கு ஐம்பத்திரண்டு. நான் ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். மைத்துனர் என் தோளைத் தட்டினார். "பொத்தான் சைடுல எனக்கு மொதல்லயே ஒரு டவுட்டு இருந்துச்சு, மாப்பிள்ளை. சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னுதான்."

இவரைத் திருத்த முடியாது. நீங்கள் சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், அவரை நினைத்துத்தான் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒரு சின்ன விஷயம். இன்று காலையிலிருந்து, அதற்கப்புறம் வாங்கிக் கொடுத்த என் மகளின் மடிக்கணினி வேறு, திறந்தால் இரண்டு முறை 'பீப்' என்கிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது.

என்ன, வாயைத் திறக்கிறீர்கள்? நான் உங்களை ஒன்றும் கேட்கவில்லையே.