உட்கார்ந்தால் பயணி, படுத்தால் நோயாளி

குடிமகன் ஒருவன் சட்டப்படி தொழில் நடத்த விரும்புவது போற்றுதலுக்குரிய செயல். மலேசியாவின் கிள்ளானில் துணிக்கடையை மூடிய பாவாவுக்கு அந்த விருப்பம் ஐம்பத்தைந்து வயதில் வந்தது.

அவர் லாத்தா என்று அழைக்கும் அக்கா மஜீதாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கைப்பேசியில் அழைக்கும் கார்கள் சக்கர நாற்காலியைக் கண்டதும் கேன்சல் ஆகிவிடும். ஒரு முறை போகாவிட்டால் உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். ஆகவே பாவா சாய்தளம் வைத்த பழைய வேன் ஒன்றை வாங்கி லாத்தாவைத் தாமே கூட்டிப்போனார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற நோயாளிகள், “எங்களையும் ஏத்திக்கங்க பாஸ், காசு குடுக்கிறோம்” என்றார்கள்.

காசு வாங்கினால் அது தொழில். தொழில் என்றால் பதிவு. பாவா கம்பெனியைப் பதிந்து, வேனில் பெயர் எழுதி, பிரிக்பீல்ட்ஸில் இருந்த இலாகாவில் பெர்மிட்டுக்கு விண்ணப்பமும் கொடுத்தார். கவுண்டரில் இருந்த சிவநேசன் நல்ல மனிதர். முத்திரை குத்திவிட்டுப் புன்னகைத்தார்.

“அப்ப நாளைக்கு லாத்தாவ கூட்டிட்டுப் போறேன் சார்.”

“முடியாது அண்ணே. இப்ப அது பரிசீலனையில இருக்கிற மருத்துவ வாகனம். அனுமதி வர்ற வரைக்கும் நோயாளி ஏறக்கூடாது.”

“நேத்து ஏறினாங்களே!”

“நேத்து அது உங்க சொந்த வேன்லா. யார் கேக்கப் போறா?”

“விண்ணப்பமே போடாம இருந்திருந்தா?”

“பிரச்சினையே இல்ல” என்றார் சிவநேசன் மனமார.

“சரி, வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“அனுமதி கிடைச்சாத்தானே வாபஸ் வாங்க முடியும்?”

பாவா யோசித்துப் பார்த்தார். அதில் தவறு காண முடியவில்லை. தாம்தான் தவறோ என்ற சந்தேகம் அப்போதுதான் அவருக்குள் புகுந்தது.

சிவநேசன் அடுத்த கேள்விக்கு வந்தார். “உங்க லாத்தா உக்காந்து போவாங்களா, படுத்துப் போவாங்களா?”

“போறப்ப உக்காந்து. வர்றப்ப அசதியில படுத்துடுவாங்க.”

சிவநேசனின் முகம் வாடியது. “சிக்கல்தான். உக்காந்தா பயணி, அது வேற இலாகா. படுத்தா நோயாளி, அது எங்க இலாகா. போறதுக்கு ஒரு பெர்மிட், வர்றதுக்கு ஒரு பெர்மிட். ஆனா ஒரு வேனுக்கு ஒரு பெர்மிட்தான் குடுக்க முடியும்.”

வீட்டில் இதைக் கேட்ட மஜீதா, “போறப்ப நீ கூட்டிட்டுப் போ. வர்றதுக்கு நான் அங்கேயே குடியிருந்துக்கிறேன்” என்றாள்.

அந்த வாரம் கார்கள் வழக்கம்போல் கேன்சல் ஆயின. ஒரு டயாலிசிஸ் தவறியது. லாத்தாவின் கால் வீங்கி மூச்சு இழுத்தது. பாவா மறுபடியும் கவுண்டருக்கு ஓடினார். அவர் கண் கலங்கியதைக் கண்ட சிவநேசன் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, ஆளுன்னு சொன்னாத்தான் ரெண்டு இலாகா. சாமான்னு சொல்லுங்க. சாமான் உக்காந்தாலும் படுத்தாலும் சாமான்தான்.”

மறுநாளே பெர்மிட் வந்தது. நிபந்தனைகள் எளியவை. சாமானை வாரால் கட்ட வேண்டும். உடையக்கூடியது என்று எழுதிய வில்லை ஒட்ட வேண்டும். இறக்கும் இடத்தில் யாராவது கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பாவா தயங்கித் தயங்கி வில்லையை நாற்காலியில் ஒட்டினார். மஜீதா எட்டிப் படித்தாள்.

“‘உடையக்கூடியது, கவனமாகக் கையாளவும்’. நல்லாத்தான்டா இருக்கு. என் நிக்காஹ் அன்னிக்கே இத ஒட்டியிருக்கணும். வண்டிய எடு.”

டயாலிசிஸ் மையத்துத் தாதி ஜெயமாலா, “நல்ல நிலையில் கிடைத்தது” என்று கையெழுத்திட்டாள். திரும்பி வரும்போது வீட்டில் பாவாவின் மனைவி கையெழுத்திட்டாள். சாமானானதிலிருந்து லாத்தாவை யாரும் கேன்சல் செய்யவில்லை. ஆளாக இருந்தபோது, வந்து சேர்ந்தாளா என்றுகூட எவரும் கேட்டதில்லை. மற்ற நோயாளிகளும் விரும்பி முன்வந்து சாமானானார்கள்.

சில மாதம் கழித்துச் சிவநேசனே போன் செய்தார். பண்டமாரானில் அவரோடு இருக்கும் அம்மா மீனலோசனிக்கும் டயாலிசிஸ் தொடங்கிவிட்டதாம்.

முதல் நாள் அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுபோய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தார் பாவா. வீடு பூட்டியிருந்தது. மருமகள் வேலையில், பேரப்பிள்ளைகள் டியூஷனில். அம்மாவிடம் சாவி இருந்தது. ஆனால் சாமான் தன்னைத்தானே பெற்றுக்கொள்ள விதியில் இடமில்லை. பாவா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், பொருள வாங்கிக்க வீட்ல ஆள் இல்ல.”

“நான் மீட்டிங்ல இருக்கேன் அண்ணே” என்று கிசுகிசுத்தார் சிவநேசன். “பரவால்ல, கேட்டுக்கு உள்ள வச்சிட்டு ஒரு போட்டோ அனுப்பிடுங்க.”

பாவா வேனைத் திரும்பிப் பார்த்தார். உள்ளிருந்து மீனலோசனிதான் தன் யாழ்ப்பாணத் தமிழில் பேசினாள்.

“கேட்டடியில வெயில் தம்பி. அந்தச் சப்பாத்து அலுமாரிக்குப் பக்கத்தில வையுங்கோ. பார்சல்காரர் எப்பவும் அங்கதான் வைக்கிறவை.”