பாறைக்குப் போன கிராம சபை

ஒரு செய்தியைச் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று எப்போது நம்பலாம்? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. (கேஸை அணைத்தேனா என்று மூன்று முறை எழுந்து பார்ப்பவள் நான்.)

எங்கள் மலையூர் அங்கன்வாடிக் கூரை ஒழுகுகிறது. மழை நாளில் என் மகள் பாதி நனைந்துதான் வீடு திரும்புவாள். கிராம சபையில் தீர்மானம் போட்டால்தான் கூரை மாறும். போன முறை ஆள் சேராமல் சபையே நடக்கவில்லை.

"நீங்க படிச்சவங்க, வாட்ஸ்அப்புல சொல்லிப்போடுங்க" என்றார் ஊராட்சிச் செயலர். பெருமை தாங்கவில்லை எனக்கு.

வீட்டில் சிக்னல் கிடையாது. சாலை வளைவிலுள்ள பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். ஏறினேன். 'வாருங்கள்' மரியாதையா, 'வருக' மரியாதையா என்று எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், யாருக்கும் குழப்பம் வரக்கூடாதே என்று நேரத்தைப் போட்டு, இடத்துக்கு லொகேஷனையே அனுப்பினேன். நான் நின்றிருந்த இடத்தின் லொகேஷனை!

சபை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சிற்றூரில் கூடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சபை நாளன்று, கூட வேண்டிய பள்ளி மைதானத்தில் பந்தல், மைக், ஒன்றிய அதிகாரி, நான், என் மகள். மற்றதெல்லாம் காலி நாற்காலி. செயலர் பைக்கில் தேடிக் கிளம்பினார், நாங்களும் தொற்றிக்கொண்டோம்.

பாறையைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் எழுந்து போகும் பெண்கள், பஸ் வராததையும் கூரை ஒழுகுவதையும் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, சபை பள்ளிக்கூடத்துலங்க!" என்று பதறினார் செயலர்.

"ஆளுங்க நாங்க இங்க இருக்கறமுங்க. நாற்காலிக்கா சபை?" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா.

"லொகேஷன் போட்டது யாருங்க?"

நான் பக்கத்து மரத்தில் படர்ந்திருந்த மிளகுக்கொடியை ஆராய்ந்தேன். "எங்கம்மா!" என்று கையைத் தூக்கினாள் மகள். (கேள்வி கேட்டால் கை தூக்க வேண்டும். அங்கன்வாடிப் பழக்கம்.)

எல்லோரும் பள்ளிக்கு நடப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி மலை இறங்கிவிட்டார். சபை மறுபடி தள்ளிப்போனது. அங்கன்வாடியில் மகளின் தலைக்கு மேல் இப்போது தார்ப்பாய். கடைக்குப் போகும்போதெல்லாம் என் கணவர், "என்ன வேணும்னு வாயில சொல்லு புள்ள, லொகேஷன் மட்டும் அனுப்பாத" என்கிறார்.

அடுத்த சபைக்கும் செய்தி அனுப்பும் வேலை எனக்கே வந்திருக்கிறது. ("நீங்க சொன்னாத்தான் கூட்டம் வருதுங்க" என்கிறார் செயலர். பாராட்டா, குத்தலா?) பாப்பாத்தி அக்கா வேறு காதோடு சொல்லிவிட்டுப் போனாள்: "பாறைக்கே போட்டுடு கண்ணு. மைக்கப் பாத்தா எனக்கு வாயே வராது."

பள்ளிக்கு அழைத்தால் தீர்மானம் நிறைவேறும், அவள் பேசமாட்டாள். பாறைக்கு அழைத்தால் அவள் பேசுவாள், எழுதிக்கொள்ள ஆள் இருக்காது. அதிகாரியையே பாறைக்கு வரச் சொன்னால் தப்பா? அதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்களேன், மழைக்காலம் நெருங்குகிறது.