மேப்பிள் மரத்துக்கு நான் கொடுத்த மரணச் சான்றிதழ்

குடும்பத்தில் ஒருவன் விவசாயப் பட்டம் எடுத்துவிட்டால், உலகத்தில் எந்த மரம் தும்மினாலும் அவனைத்தான் கேட்பார்கள். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அந்த வாய் வராதவன் நான். (என் தோட்டமெல்லாம் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பல்கனியில் சாடிக்குள் நின்ற ஒரு கறிவேப்பிலைதான். அதற்கும் தண்ணீர் ஊற்றியது அம்மா.)

ஒரு மாசி மாதம் கனடாவிலிருந்து சித்தி வீடியோ அழைப்பில் வந்தார். முதல்நாள் அங்கே புயல். விழுந்த மழை கொப்புகளிலேயே பனிக்கட்டியாக உறைந்து, பாரம் தாங்காமல் மரங்கள் முறிந்திருந்தன. சித்தியின் வீட்டு வளவில் இரண்டு மரங்கள். ஒன்று பைன். மற்றது, வீடு வாங்கிய வருடம் சித்தப்பா தன் கையால் நட்ட மேப்பிள். சித்தப்பா இப்போது இல்லை. அடுத்த நாள் மரம் வெட்டுபவர் வருகிறார்.

"மேப்பிளிலை ஒரு கொப்பு முறிஞ்சு தொங்குது தம்பி. மரம் தப்புமோ? நீதானே படிச்சனீ."

உற்றுப் பார்த்தேன். மேப்பிளில் ஓர் இலைகூட இல்லை. பைனோ கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பச்சைப்பசேலென்று நின்றது.

"மேப்பிள் முடிஞ்சுது சித்தி. அடியோட வெட்டச் சொல்லுங்கோ. பைன் நல்ல சுகமா நிக்குது."

பின்னால் நின்ற அம்மா எட்டிப் பார்த்தார். "தம்பி, அந்தத் தெருவிலை வேறை மரங்களிலையும் இலை இல்லையே?"

"முழுத் தெருவும் அழிஞ்சுபோச்சு அம்மா. பாவங்கள்" என்றேன், நிபுணருக்குரிய துக்கத்தோடு.

 "அவர் வைச்ச மரம்" என்று மட்டும் சித்தி சொன்னார். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் கலண்டரைப் பார்க்கும் அளவுக்கு இல்லை.

மறுநாள் மாலை அம்மாவின் பிறந்தநாளுக்குக் கிருலப்பனை மாமா குடும்பம் வந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி அழைப்பு. இந்த முறை திரையில் தாடி வைத்த மரம் வெட்டுபவர். மேப்பிளில் நல்ல கொப்பு ஒன்றை வெட்டியபின் சந்தேகப்பட்டு மரமறுக்கும் வாளை நிறுத்திவிட்டு, சித்தி சொன்ன 'கொழும்பு நிபுணரோடு' பேச வேண்டும் என்றாராம்.

"ஐயா, உங்கள் நாட்டில் குளிர்காலம் உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"அப்படித்தான் நினைத்தேன்" என்றார், மிக மரியாதையாக.

குளிருக்கு முன்பே இலை கொட்டிவிடும், மரம் உறங்குகிறது என்று விளக்கிவிட்டு, ஒரு சுள்ளியின் பட்டையை நகத்தால் சுரண்டினார். உள்ளே ஈரமான பச்சை. பிறகு பைனின் பின்பக்கத்தைக் காட்டினார். என் முஷ்டி நுழையும் அளவு வெடிப்பு. நான் சுகமென்று சொன்ன மரம் சித்தியின் படுக்கையறைக்கு மேலே சாய்ந்துகொண்டிருந்தது. அன்றே அதைத் தறித்தார்கள். மாமா வடையை மறந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சித்தி" என்றேன். 

"ஒரு கொப்புத்தானே போச்சு. மரம் நிக்குதுதானே, அழாதை" என்றார் அழுதுகொண்டே.

வைகாசியில் மேப்பிள் துளிர்த்த படம் வந்தது. அதைப் பார்த்து நானும் அழுதேன். அழுததை மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

போன வருடம் சித்தி வெள்ளவத்தைக்கு வந்தார். இதற்குள் என் தலையில் இலையெல்லாம் உதிர்ந்திருந்தது. வாசலிலேயே என்னைக் குனியச் சொல்லி, உச்சந்தலையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் சொன்னார்:

"உள்ளுக்கை பச்சை இருக்குப் பிள்ளை. அவசரப்பட்டு வெட்டிப்போடாதை."

அன்றிலிருந்து கிருலப்பனை மாமாவும் என் மண்டையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறார்.