கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்

உலகில் சட்டங்கள் பல உண்டு. மனிதனின் நல்ல மனத்தை நம்பி எழுதப்பட்ட சட்டம் ஒன்றுதான். அது மோட்டார் வாகனச் சட்டத்தின் நூற்றுத் தொண்ணூற்றேழாம் பிரிவு. உரிமையாளரின் சம்மதமின்றி வண்டியை எடுத்தால் மூன்று மாதம்வரை சிறை என்று மிரட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே அது கனிந்துவிடுகிறது. ‘கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்’ என்று எடுத்தவர் நியாயமாக நம்பியிருந்தால் தண்டனை இல்லை.

இந்தப் பிரிவை மக்களிடம் கொண்டுசெல்வதற்காகவே கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் ‘வாகன உரிமையாளர் உரிமைக் காப்பு மன்றம்’ இயங்குகிறது. தலைவர் ஞானதுரை. செயலாளர் அடியேன். தலைவருக்குச் சொந்த வண்டி கிடையாது. ஆகவே வாகன உரிமையாளர்களைப் பற்றி அவரால் பாரபட்சமின்றிச் சிந்திக்க முடிந்தது.

சென்ற பங்குனியில் புறவழிச்சாலையோரம் விழிப்புணர்வுக் கூட்டம் ஏற்பாடாயிற்று. மைக் வந்தது. சிறப்பு விருந்தினரான சப்-இன்ஸ்பெக்டர் சுரேஷ்கண்ணன் வந்தார். மேடை மட்டும் வரவில்லை. தலைவர் என் பைக்கின் பின்னால் ஏறி, மேடை தேடிப் புறப்பட்டார்.

சற்றுத் தள்ளி ஒரு திராட்சைத் தோட்டத்து வாசலில் லோடு ஆட்டோ ஒன்று சாவியோடு நின்றது. ரம்லத்தின் வண்டி. கணவர் இறந்தபின் குத்தகைக்குத் தோட்டம் பிடித்து, தானே வண்டி ஓட்டிக் குமுளி வியாபாரியிடம் பழம் சேர்ப்பவர் அவர். அப்போது உள்ளே பந்தலின்கீழ் பழம் வெட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் தலைவர் வண்டியை எடுத்துவந்தார். அதன்மேல் ஏறி நின்று, பின்னால் பேனரும் கட்டச் சொன்னார். ‘பிறர் வண்டியைத் தொடாதே’ என்றது பேனர்.

பேச்சு சூடுபிடித்த நேரத்தில் ரம்லத் வேர்த்து விறுவிறுக்க நடந்து வந்தார். வெட்டிய பழம் வெயிலில் கிடப்பதாகவும், மதியத்துக்குள் போகாவிட்டால் வியாபாரி வேறு தோட்டத்துப் பழத்தை ஏற்றிவிடுவார் என்றும் சொன்னார்.

தலைவர் மைக்கிலேயே பதிலளித்தார். “கேட்டிருந்தா நீ குடுத்திருப்ப தங்கச்சி. எனக்கு அந்த நம்பிக்கை இருக்கு.”

“கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேண்ணே.”

“அது தெரிஞ்சுதானம்மா கேக்கல.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சட்டத்தை இவ்வளவு எளிமையாக யாரும் விளக்கியதில்லை என்று சப்-இன்ஸ்பெக்டரே பாராட்டினார்.

ரம்லத் அவரிடம் முறையிட்டார். கூட்டம் முடிந்ததும் சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று அவர் உறுதியளித்தார். இன்னும் வாழ்த்துரைகள் பாக்கியிருந்தன, ஒன்று என்னுடையது. ரம்லத் ஒருமுறை அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். பிறகு முன்னால் ஏறி, வண்டியைக் கிளப்பினார்.

தலைவர் மைக்கைப் பிடித்தபடியே போனார். ஒயர் இருந்தவரை அவர் குரல் கேட்டது. ‘ஏய், நிறுத்து’ என்பதே அவரது நிறைவுரை.

தோட்டத்து வாசலில் வண்டி நின்றதும் தலைவர் இறங்கிக்கொண்டார். ரம்லத் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழப்பெட்டிகளைத் தூக்கி ஏற்ற ஆரம்பித்தார். பாதி ஏற்றுவதற்குள் சப்-இன்ஸ்பெக்டரோடு போலீஸ் ஜீப் வந்துவிட்டது. எங்கள் ஊரில் எந்தப் புகாருக்கும் அது அத்தனை வேகமாக வந்ததில்லை.

“என் வண்டியத்தான சார் எடுத்தேன்?” என்றார் ரம்லத்.

“வண்டிய எடுத்தது சரி. மேல தலைவர் நின்னாகல்ல? ஆளக் கடத்துறது வேற செக்சன்மா.”

“அப்ப அவுக எடுத்தது?”

“அவுக நம்பி எடுத்துருக்காக.”

ரம்லத்தின் போன் அடித்தது. வியாபாரியாக இருக்கலாம். அவர் எடுக்கவில்லை. கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தார். மேலே கிடந்த கொத்தை நிழல்பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். பழம் அங்கேயே வாடியது.

வழக்கு நடக்கிறது. ரம்லத் ஜாமீனில் இருக்கிறார். குத்தகை கைவிட்டுப் போயிற்று. மார்க்கையன்கோட்டைப் பக்கம் கூலிக்கு நடவு நடுகிறார். தலைவர்மேல் வழக்கு இல்லை. அவரது நம்பிக்கை நியாயமானது என்று விசாரணையில் தெரியவந்தது.

லோடு ஆட்டோ வழக்குச் சொத்தாகக் காவல் நிலைய வளாகத்தில் நிற்கிறது. ‘நிற்கிறது’ என்பது சட்ட வழக்கு. சென்ற வாரம் சப்-இன்ஸ்பெக்டர் வீடு மாற்றியபோது கட்டிலும் பீரோவும் அதில்தான் போயின. நானும் ஒரு கை பிடித்தேன். ரம்லத்திடம் யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வண்டி இப்போது சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. சீருடை போட்டவர்களைத் தவிர வேறு யாரும் அதை எடுப்பதில்லை.