சாம்பார் அண்டாவும் மூன்றாவது படியும்

"இந்தக் காலாண்டில் எங்கள் தொழிற்சாலையில் விபத்து எதுவும் நடைபெறவில்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இந்தக் கடிதத்தை டைப் அடித்தவன் நான்தான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக கிளார்க். நான் முதலில் வெறும் 'வருத்தத்துடன்' என்றுதான் போட்டிருந்தேன். எங்கள் பாதுகாப்பு அதிகாரி மதிவாணன் படித்துப் பார்த்துவிட்டு, "வருத்தம் பத்தாது, மிகுந்த வருத்தம்னு போடு" என்றார்.

அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. போன வருஷம் அரசாங்கத்தில் 'விபத்துப் படிப்பினைப் பிரிவு' என்று புதிதாக ஒன்று தொடங்கினார்கள். அதன் அதிகாரிகள் பன்னிரண்டு நாள் பாரீசுக்குப் போய், அங்கே தொழிற்சாலைகள் பழைய விபத்துகளிலிருந்து எப்படிப் பாடம் கற்கின்றன என்று நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே சுவரெல்லாம் பாடம் எழுதி மாட்டியிருந்ததாம். நம்மிடம் சுவர் இருக்கிறது, பாடம் இல்லை. ஆகவே ஒவ்வொரு தொழிற்சாலையும் காலாண்டுக்கு ஒரு விபத்திலிருந்து ஒரு பாடம் கற்று இணையதளத்தில் ஏற்றவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒன்றுக்குக் குறையக் கூடாது. ஒன்றுக்கு மேலும் கூடாது, இணையதளத்தில் இடம் கிடையாது.

எங்களிடம் விபத்து இல்லையே தவிர, அதற்கான ஏற்பாடு இருந்தது. பிளாஸ்டிக் குருணை கொட்டும் தொட்டிக்கு ஏறுகிற இரும்பு ஏணியில் மூன்றாவது படி ஒரு பக்கம் வெல்டிங் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு அலுவலகமும் அதே ஏணிக்கு மேலேதான் இருக்கிறது. மதிவாணன் உட்பட எல்லோரும் மூன்றைத் தாண்டி நாலில் கால் வைத்துப் போய்வருவோம். கலைவாணியால் மட்டும் தாண்ட முடியாது. அரியாங்குப்பத்திலிருந்து வருகிற அந்தப் பெண், இருபத்தைந்து கிலோ குருணை மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறுகிறவள்.

அவள் ஐந்து மனு கொடுத்திருந்தாள். ஐந்தையும் ஃபைலில் கோத்து வைத்தவன் நான். தேதிவாரியாக, மிக நேர்த்தியாகக் கோத்திருந்தேன்.

"அஞ்சு நிமிஷ வேலை சார். பக்கத்து ஷெட்டுலதான் வெல்டர் பக்கிரி அண்ணன் இருக்காரு" என்றாள் ஒரு நாள்.

"நீ விழுந்தியா?" என்று கேட்டார் மதிவாணன்.

"இன்னும் இல்ல சார்."

"அப்புறம் எப்படிம்மா? வெல்டிங் வைக்கணும்னா திருத்த நடவடிக்கை எண் வேணும். அதுக்குப் பாட எண் வேணும். பாட எண்ணுக்கு விபத்து எண் வேணும். நீ விழாமலே ஏறிக்கிட்டிருந்தா நான் எந்த எண்ணைப் போடறது?"

"விழுந்தா போட்டுடுவீங்களா சார்?"

"உடனே" என்றார் மதிவாணன். மனிதர் நல்லவர், கேலிக்குச் சொல்லவில்லை.

எங்கள் வருத்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் படிப்பினைப் பிரிவு அதிகாரி நிர்மலாதேவி போன் செய்தார். பாரீஸ் போய்வந்ததிலிருந்து அவர் "போன்ஜூர்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"விபத்து இல்லைன்னு எழுதினா சிஸ்டம் எடுக்காதுங்க. அந்தக் கட்டத்துல சிவப்பு நட்சத்திரம் இருக்குது, காலியா விட முடியாது."

"நடக்கலையே மேடம்."

"அப்போ உங்க கம்பெனி கத்துக்க விரும்பலைன்னு எடுத்துக்கட்டுமா?"

மதிவாணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து மெழுகுவர்த்திக் கம்பெனி மேனேஜர் முருகையன் தேடி வந்து கைகொடுத்தார். "எங்ககிட்ட இந்தக் காலாண்டுல ரெண்டு இருக்குது மதி. ஒண்ணுதான் ஏத்த முடியும், இன்னொண்ணு சும்மா கெடக்குது. எடுத்துக்க. நாளைக்கு எனக்கு வேணும்னா திருப்பிக் குடுத்துடு."

விபத்து இதுதான்: அவர்கள் கேன்டீனில் மின்விசிறி கழன்று சாம்பார் அண்டாவில் விழுந்து, இரண்டு பேர் சட்டை பாழானது. அன்று மாலையே அது எங்கள் விபத்தாக இணையதளத்தில் ஏறியது. பாடம்: விசிறிக்குக் கீழே சாம்பார் வைக்கலாகாது.

எங்கள் கம்பெனியில் கேன்டீனும் கிடையாது, சாம்பாரும் கிடையாது. ஆனால் கற்ற பாடத்தைக் கடைப்பிடிக்க வேண்டுமே! ஒரு விசிறியும் ஓர் அண்டாவும் வாங்கினோம். விசிறியை வடக்கு மூலையில் மாட்டி, அண்டாவைத் தெற்கு மூலையில் வைத்து, நடுவில் மஞ்சள் கோடு போட்டோம். காலி அண்டாவை வைத்துப் பயிற்சி கொடுத்தால் செல்லாது என்பதால் முத்தியால்பேட்டை ஓட்டலிலிருந்து தினமும் சாம்பார் வந்தது. அறுபது பேரும் ஆரஞ்சுக் கோட்டு மாட்டி, வலது கையை நீட்டி, "விசிறிக்குக் கீழே சாம்பார் வைக்கமாட்டேன், வைப்பவரைக் கண்டால் சும்மா இருக்கமாட்டேன்" என்று உறுதிமொழி எடுத்தோம். பாதுகாப்புக் கோலப் போட்டியில் மூன்று இறக்கை விசிறிக்கு முதல் பரிசு. அண்டாவோடு செல்ஃபி எடுக்க வளைவு ஒன்று வைத்தோம். உண்மையைச் சொன்னால், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கலைவாணி மட்டும் மூட்டையோடு வந்து நின்றாள். "சார், இப்பதான் நம்மகிட்ட எண் வந்துடுச்சே. அப்படியே அந்தப் படியையும்..."

"இது சாம்பார் எண்ம்மா. சாம்பார் எண்ணை வெச்சு இரும்பை ஒட்ட முடியாது."

அடுத்த காலாண்டில், தொழிற்பேட்டையிலேயே சிறப்பாகக் கற்ற நிறுவனம் என்று எங்களுக்கு விருது அறிவித்தார்கள். விருது என்றால் கண்ணாடிச் சில்லு இல்லை, இரண்டடி நீளத் தேக்குப் பலகை. அதில் பித்தளை எழுத்தில் 'பாதுகாப்பில் முன்மாதிரி' என்று பதித்திருந்தார்கள். அதைக் கொடுக்க நிர்மலாதேவியே வந்தார். அவர் தலையில் மேலேயிருந்து பூ தூவவேண்டும் என்பது மதிவாணனின் யோசனை. மேலே ஏறிப் பழக்கப்பட்டவள் யார்? கலைவாணி.

இரண்டு கையிலும் பூத்தட்டு. முதல் படி, இரண்டாவது படி. மூன்றாவது கழன்றது. தட்டு போய் விழுந்த சத்தத்துக்கு மேலே அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கணுக்கால் முறிந்துவிட்டது.

வேனில் ஏற்றும்போது, வலியோடு மதிவாணனின் கையைப் பிடித்தாள். "சார், விழுந்துட்டேன். இப்ப போட்டுடுவீங்க இல்ல?"

"உடனேம்மா" என்றார் அவர், கண் கலங்கி.

வேன் போனதும் நிர்மலாதேவி தலையிலிருந்த பூவைத் தட்டிவிட்டு, செல்போனில் விதியைப் பார்த்தார். "விருது வாங்கற காலாண்டுல அந்த நிறுவனத்துல விபத்து நடக்க இடமில்லையே" என்றார்.

கூட்டத்திலிருந்து முருகையன் மெதுவாக முன்னே வந்தார். "மதி, போன தடவை நான் குடுத்தேனே..."

ஆக, கலைவாணி மெழுகுவர்த்திக் கம்பெனியில் விழுந்ததாகப் பதிவாயிற்று. விபத்து எண், பாட எண், திருத்த நடவடிக்கை எண் மூன்றும் ஒரே நாளில் வந்தன, முருகையன் பேருக்கு. வெல்டர் பக்கிரி எங்கள் கேட்டைத் தாண்டிப் போய், அவர்கள் ஏணியில் ஒரு குறையும் இல்லாத மூன்றாவது படியை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் வைத்தார். எங்கள் படியைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம். அவள் காலில் கட்டோடு கிடந்த இரண்டு மாதமும் மூட்டையைக் கயிற்றில் கட்டி நாலு பேர் இழுத்தோம். அப்போதுதான் எனக்கு அந்த ஐந்து மனுவின் கனம் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

கலைவாணி கட்டுப் பிரித்துவிட்டு வந்தாள். நேராக ஏணியைப் பார்த்தாள்.

"சார், படி?"

"அது அங்க சரி பண்ணியாச்சும்மா."

அவள் வரவேற்பறைக்குப் போய் விருதுப் பலகையைக் கழற்றி வந்தாள். மூன்றாவது படியின் இடத்தில் வைத்து, கம்பியை எட்டுச் சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கினாள். ஏறி நின்று இரண்டு குதி குதித்துப் பார்த்தாள். அசையவில்லை. பிறகு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, 'முன்மாதிரி' மேல் கால் வைத்துப் போனாள்.

மூன்று மாதம் ஓடியது. ஒருவரும் விழவில்லை. மதிவாணன் மறுபடி சாப்பாட்டை நிறுத்தினார். நான் மறுபடி டைப் அடித்தேன்:

"இந்தக் காலாண்டிலும் விபத்து எதுவும் நடைபெறவில்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இதற்குக் காரணமான தொழிலாளி அடையாளம் காணப்பட்டு, அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது."

கடிதத்தில் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். போட்டோம். பாதுகாப்பு அலுவலகம் மேலே இருக்கிறதல்லவா, வரிசையாக ஏறிப் போய்த்தான் போட்டோம். ஒருவர்கூட மூன்றாவது படியை மிதிக்காமல் தாண்டவில்லை.