வெறுங்கையோடு வாருங்கள், பெரியம்மா

முக்கால் பங்கு அன்பும் கால் பங்கு பயமும் கலந்து, மதிப்புக்குரிய பெரியம்மாவுக்கு வாலு எழுதிக்கொள்வது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அண்ணனும் நலமே; அவனுடைய குடல் மட்டும் தன் நலத்தைத் தனிக் கடிதத்தில் தெரிவிக்கும், அதற்கு எப்போதும் சொந்தக் கருத்து உண்டு. உங்கள் முழங்கால் வலியும் பெரியப்பாவின் குறட்டையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இது அம்மா சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். ஆனால் அம்மா சொன்னது மொத்தமே இரண்டு வரி: "வரச் சொல்லு. வெறுங்கையோட வரச் சொல்லு." மன்னிப்பு என்ற சொல் எந்த இடத்திலும் வரக் கூடாதாம். தினமும் போனில் ஒரு மணி நேரம் பேசிய அக்காவும் தங்கையும் இருபத்துமூன்று நாளாகப் பேசவில்லை. அண்ணன் வயிறு எதையும் ஒத்துக்கொள்ளாது. அம்மா தான் போட்ட சத்தத்தை ஒத்துக்கொள்ள மாட்டாள். நடுவில் நான் தபால்காரி.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எங்கள் வீட்டு வீரர்களின் பெருமை விளங்கும். அண்ணனுக்கு இருப்பது க்ரோன் நோய். உடம்பைக் காக்க வேண்டிய படையே குடலை எதிரிநாடு என்று நினைத்துத் தாக்குகிறது என்றார் டாக்டர். அது போதாதென்று பால் ஆகாது, கோதுமை ஆகாது, முட்டை ஆகாது, கொட்டை வகை எதுவும் ஆகாது, வெங்காயமோ கண்ணோடு நிற்காமல் வயிற்றையும் அழவைக்கும். மாத்திரையும் ஊசியும் நோயைப் பார்த்துக்கொண்டன, ஒத்துவரும் சாப்பாட்டைத்தான் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இது நல்லது என்று ஒருவர் சொல்ல, அதுதான் விஷம் என்று இன்னொருவர் சொல்ல, அண்ணன் எதைத் தின்றாலும் ஓடிக்கொண்டே இருக்க, நான் வயிறு வலிக்கச் சிரிப்பதையே விட்டுவிட்டேன், ஒரு வீட்டுக்கு ஒரு வயிற்றுவலி போதும். அப்போதுதான் எலக்ட்ரீஷியனான எங்கள் அப்பா டாக்டர் அறையிலேயே எழுந்து நின்று ஓர் உரை ஆற்றினார். "ஒரு வீட்ல எங்கயோ ஷார்ட் ஆகுதுன்னா என்ன சார் பண்ணுவோம்? எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டு ஒண்ணொண்ணா போட்டுப் பாப்போம். எதைப் போட்டா ஃபியூஸ் போகுதோ அவன்தான் திருடன். குடலும் ஒயரிங்தானே சார்?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாங்களும் இதைத்தான் சொல்றோம், இவ்ளோ சுருக்கமா சொல்லத் தெரியல" என்றார்.

மறுநாள் ஒரு பழைய சுவிட்ச் போர்டு சமையலறைச் சுவரில் ஏறியது. இருபத்துநான்கு சுவிட்ச், ஒவ்வொன்றுக்கும் ஓர் உணவின் பெயர், மேலே பச்சை விளக்கு ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று. முதல் நாள் சோறு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் இருட்டு. புதிதாக எதைச் சேர்த்தாலும் மூன்று நாள் தேர்வு: முதல் நாள் ஒரு வாய், அடுத்த நாள் நாலு வாய், மூன்றாம் நாள் ஒரு கிண்ணம். தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. அம்மா அந்த விளக்குகளைப் பார்த்துத்தான் அடுப்பையே பற்றவைக்கிறாள். நாலே பொருளை வைத்து நாற்பது விதமாகச் சமைக்க அம்மாவால் முடிகிறது, எனக்கு நாற்பது பொருள் கொடுத்தாலும் சுடுதண்ணீர்தான் வரும்.

ஆனால் நான் தொப்பியைக் கழற்றி வணங்குவது அண்ணனைத்தான். இரண்டு வாரம் குழைந்த சோறும் உப்பும் மட்டும் தின்றுவிட்டு, கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, ஒரு முணுமுணுப்பு இல்லாமல் நோட்டில் எழுதுவான். "காரட், மசித்தது, மதியம் 1.10. வலி பத்துக்கு இரண்டு. குணம்: பக்கத்து வீட்டு ரேடியோ." தோலோடு ஆப்பிள் தின்ற அன்று: "வலி எட்டு. குணம்: பொதுக்கூட்டம்." உருளைக்கிழங்கு தேறிய நாளில் வீடே கைதட்டியது, என் பத்தாம் வகுப்பு மார்க்குக்குக்கூட அவ்வளவு கைதட்டல் இல்லை (அந்த மார்க்குக்கு அது நியாயம்தான்). ஒருமுறை அவன் கடை முதலாளி எல்லோரையும் ஹோட்டலுக்கு அழைத்துப்போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். அண்ணன் பரிமாறுபவரிடம் மெல்ல விசாரித்தான்.

"இந்த மீன்ல மாவு தடவுவீங்களாண்ணே?"

"தடவுவோம்."

"சூப்ல பால்?"

"கொஞ்சம்."

"கோழில வெங்காயம்?"

"அது இல்லாம எப்படி தம்பி?" அவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணியாவது குடிப்பியா?"

"குடிப்பேண்ணே. ஐஸ் மட்டும் வேணாம்."

அந்த மனிதர் உள்ளே போய், தனிச் சட்டியில் வெறும் உப்பில் வேகவைத்த மீனும் சோறும் தானே கொண்டுவந்து வைத்து, அண்ணன் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார், பரீட்சை எழுதிய பையன் மாதிரி. அண்ணன் கட்டைவிரலை உயர்த்தியதும்தான் நகர்ந்தார்.

இப்படிப் பதினொரு விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தபோது உங்கள் டப்பா வந்தது. நீங்கள் போனில் அந்தப் பதினொன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, அதிலிருந்தே அரிசிமாவு, வாழைப்பழம், சர்க்கரை, எண்ணெய் என்று நாலே நாலு சேர்த்து பிஸ்கட் சுட்டு, சரியாக வராத நாலு தடவையையும் பெரியப்பாவுக்கே ஊட்டி, ஐந்தாவதை அனுப்பினீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அண்ணன் மாலையில் இரண்டு தின்றான். இரவு தேங்காய்ப்பாலில் மசித்த உருளைக்கிழங்கு, அதுவும் பச்சைதான். விடிந்ததும் குளியலறைக்குள் போனவன் இரண்டு நாள் அங்கேயே குடியிருந்தான். அப்பா தன் தொழில் சட்டத்தை எடுத்துவைத்தார்: "கடைசியா போட்ட சுவிட்ச் எது?" எல்லோரும் டப்பாவைப் பார்த்தோம். அம்மா போனை எடுத்தாள். "உன் பாசத்தை இனிமே தபால்ல அனுப்பாதக்கா, என் புள்ள தாங்க மாட்டான்!" நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அப்பா டப்பாவில் சிவப்பு டேப் சுற்றி பீரோ மேல் ஏற்றினார்.

ஆகவே பெரியம்மா, குற்றம் யார் மேலும் இல்லை, குடல் மேல்தான். நீங்கள் அவசியம் வர வேண்டும், பையில் துணிமணி தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. உங்கள் முழங்கால் மாடிப்படியை ஜெயிக்கட்டும், பெரியப்பாவுக்கு நல்ல தூக்கமும் உங்களுக்கு அதைவிட நல்ல தூக்கமும் வாய்க்கட்டும் என்று வாழ்த்தி (வயதில்லை, இருந்தாலும் வாழ்த்தி) முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாலு

பி.கு.: அம்மா இதுவரை படித்துவிட்டு "சரி, ஒட்டு" என்றாள். நான் ஒட்டவில்லை. மூன்று நாளாகிறது. மேலே எழுதியதில் தீர்ப்பு மட்டும் தப்பு, பெரியம்மா. உங்கள் பிஸ்கட் ஒன்றும் செய்யவில்லை. அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணனின் தேங்காய்ப்பால் பாட்டிலை ஸ்ட்ரா போட்டு முக்கால்வாசி காலி செய்தது நான். திட்டு விழுமே என்று மாட்டுப்பாலை ஊற்றி அளவைச் சரிக்கட்டி வைத்ததும் நான். இரண்டும் வெள்ளைதானே என்று நினைத்தேன். அண்ணன் உள்ளே சுருண்டு கிடந்தபோது நான் கதவுக்கு வெளியே தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா உங்களிடம் கத்தியபோதும் அங்கேதான் இருந்தேன். ஊருக்கே பதில் சொல்லும் என் வாய் அன்று திறக்கவில்லை.

கடிதம் எழுதிய அன்று மாலையே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அடித்தால் தடுக்கத் தலையணையோடு போனேன். அவன் அடிக்கவில்லை. "ரெண்டு நாள்டி" என்றான். அவ்வளவுதான். அடித்திருக்கலாம். அப்புறம் ஸ்டூல் போட்டு டப்பாவை இறக்கி, டேப்பைப் பிய்த்தான். முதல் நாள் பாதி, நேற்று ஒன்று, இன்று மூன்று. இப்போது நோட்டில் இருப்பது: "பெரியம்மா பிஸ்கட். வலி பூஜ்யம். குணம்: இன்னொன்று கேட்கிறது."

அம்மாவுக்கு இன்னும் தெரியாது; சமையலறையில் தனியாக இருக்கிறாள். "நானும் கூட வரட்டா?" என்று அண்ணன் கேட்டான். வேண்டாம் என்றேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அங்கேதான் போகிறேன். நீங்கள் கை நிறையக் கொண்டுவாருங்கள், இரண்டு டப்பாவாக. ஒன்று அவனுக்கு. இன்னொன்றை என் கையில் கொடுக்கலாமா என்று அம்மாவைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.